பூட்டு ஒன்று சொல்கிறது, ஸ்க்ரூ வேறு சொல்கிறது

கேள்வி: மாமியாரின் பாட்டி காலத்து மர பீரோ எங்களிடம் இருக்கிறது. பூட்டில் கிரீடமும் 'வி.ஆர்.' என்ற எழுத்துகளும் உள்ளன. பார்த்த ஒருவர் 200 வருடப் பழசு என்றார். இன்னொருவர் உள்ளே இருந்த ஒரு ஸ்க்ரூவின் கூட்டல் குறித் தலையைக் காட்டி, புதுசுதான் என்று முடித்துவிட்டார். எதை நம்புவது?

பதில்: இரண்டு பேரும் அவசரப்பட்டிருக்கிறார்கள். கூட்டல் குறி ஸ்க்ரூ 1930-களில் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் ஒரே ஒரு ஸ்க்ரூ என்றால், யாரோ ஒருநாள் கீலை இறுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஸ்க்ரூவின் வயது ஸ்க்ரூவுக்குத்தான், பீரோவுக்கு இல்லை. மற்ற ஸ்க்ரூக்களில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நுனி மொட்டையாக, தலையின் கோடு சற்று ஓரம் தள்ளி இருந்தால் அது கையால் செய்த பழைய ஸ்க்ரூ. கூர்நுனி ஸ்க்ரூ 1840-களின் நடுவில்தான் பரவத் தொடங்கியது. கழற்றும்போது முதலில் இம்மியளவு இறுக்கிவிட்டு அப்புறம் தளர்த்துங்கள். நான் பொறுமையில்லாமல் திருகி ஒரு பித்தளைத் தலையை உடைத்திருக்கிறேன். இன்றும் உறுத்துகிறது.

பூட்டுக்கு வருவோம். வி.ஆர். என்பது விக்டோரியா ராணி. ஆட்சி 1837 முதல் 1901 வரை. பூட்டு பீரோவோடு பிறந்ததுதான் என்றால் 200 வருடக் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. பிறந்ததுதானா? பூட்டைச் சுற்றி மரத்துண்டு வைத்து அடைத்த பழைய ஓட்டைகள் இருக்கின்றனவா, குடைந்த பள்ளம் பூட்டைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறொரு பூட்டு இருந்த இடம் அது. இன்னொன்று, அந்நாளில் ஆங்கிலேயப் பூட்டு கப்பலேறி எங்கெங்கோ போனது. அதை வைத்து பீரோவும் இங்கிலாந்தில் செய்ததென்று சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், முன்பக்கத்தை விட்டுவிட்டு இழுப்பறையை உருவி வெளியே வைப்பேன். மூலையில் பலகைகள் புறாவின் வால் போல விரிந்த பற்களால் கோத்திருக்கும். பற்கள் அகலத்தில் கொஞ்சம் முன்பின்னாக இருந்து, பக்கத்தில் ஊசியால் கீறிய அளவுக்கோடும் தெரிந்தால் கைவேலை. சீப்புப்பல் மாதிரி எல்லாம் ஒரே அளவென்றால் இயந்திரம். அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. ஆனால் கைவேலை அதன் பிறகும் பல ஊர்களில் தொடர்ந்ததால், 'கைவேலை, ஆகவே பழசு' என்று நான் எழுதித் தர மாட்டேன்.

பின்பலகையில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். வில் போல வளைந்த கீறல்கள் வட்ட ரம்பத்தின் தடம், அதாவது இயந்திரத்தில் அறுத்த பலகை. கையால் இழைப்புளி ஓட்டிய இடத்தில் விரலை வைத்தால் மெல்லிய அலை தட்டும். பிளைவுட் என்றால் அந்தப் பலகை 20-ஆம் நூற்றாண்டுடையது.

எந்த ஊர்ச் சரக்கு என்பதையும் பின்பலகைதான் சொல்லும். முன்னால் தெரிவதற்கு நல்ல மரம் போடுவார்கள், மறைவிடத்துக்குக் கைக்குக் கிடைத்த மலிவு மரத்தைப் போடுவார்கள். பின்னால் பைன் என்றால் குளிர்நாட்டை யோசிக்கலாம். பின்புறமும் இழுப்பறை அடியும்கூடத் தேக்கென்றால், தேக்கு தாராளமாகக் கிடைத்த இந்தியா, பர்மா பக்கம் பார்க்கலாம்.

இழுப்பறையின் மூலையையும் பின்பலகையையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை வார்னிஷைச் சுரண்ட வேண்டாம்.