சிங்க்கும் தரையும் இருக்கட்டும், முதலில் கொட்டேஷனைப் பாருங்கள்

கேள்வி: நான் திருச்சியில் தனியார் பள்ளி ஆசிரியை. வயது 42. கணவர் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். மாமனார் 1996-ல் கட்டிய வீடு, இப்போது மாமியார் பெயரில் இருக்கிறது. சமையலறையைப் புதுப்பிக்க 4.80 லட்சம் ரூபாய்க்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. மாடுலர் அலமாரி வேலை 2.90 லட்சம். மொசைக்கை உடைத்துவிட்டு சமையலறை, சாப்பாட்டு அறை இரண்டுக்கும் (180 சதுர அடி) பளபளப்பான டைல்ஸ் 62,000. கறுப்பு குவார்ட்ஸ் டபுள் சிங்க், குழாயோடு 38,000. சிம்னியும் ஹாப்பும் (மேடையில் பதிக்கும் அடுப்பு) 45,000, மேடைக்கு கிரானைட் 25,000, பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் 20,000. கையில் 1.80 லட்சம் இருக்கிறது. மகள் பிளஸ் 1 படிக்கிறாள். அவள் கல்லூரிக்கென்று 3.50 லட்சம் எஃப்.டி. போட்டிருக்கிறோம். மீதி 3 லட்சத்துக்கு பர்சனல் லோனா (14%, 3 வருடம்), வீடு புதுப்பிப்புக் கடனா (9.5%, 10 வருடம்), அல்லது எஃப்.டி.யை உடைப்பதா? சிங்க், தரை இரண்டில் எதில் குறைக்கலாம்?

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள். மகள் அடுத்த வருடம் பிளஸ் 2. கல்லூரிக் கட்டணம் யாருக்காகவும் காத்திருக்காது, சமையலறை காத்திருக்கும்.

கடனுக்கு வருவோம். 14 சதவீதத்தில் 3 லட்சம் வாங்கினால் மாதம் சுமார் 10,250 ரூபாய் இ.எம்.ஐ.; மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 69,000. புதுப்பிப்புக் கடனில் இ.எம்.ஐ. 3,880-தான். ஆனால் பத்து வருடம் கட்டி முடிக்கும்போது வட்டி 1.65 லட்சத்தைத் தாண்டியிருக்கும். வட்டி விகிதம் குறைவு என்று வங்கியில் சொல்வார்கள், காலம் மூன்று மடங்குக்கு மேல் நீளுவதைச் சொல்ல மாட்டார்கள். அதோடு வீடு மாமியார் பெயரில் இருப்பதால் அவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வரிச் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டிக்கு வருடம் 30,000 ரூபாய் வரைதான் கழிவு உண்டு. அதுவும் பழைய வரி முறையில், வீட்டின் உரிமையாளருக்கு மட்டும். உங்களுக்கு ஒன்றும் வராது.

ஆனால் எனக்கு உறுத்துவது கடனைவிட அந்தக் கொட்டேஷன்தான். சிங்க், தரை இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம். அதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். 2.90 லட்சம் ஒரே வரியில் போகிறது, அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை! எந்தப் பலகை, எத்தனை டிராயர், எந்த கம்பெனி கீல் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பிளைவுட் என்றால், தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் வெறும் எம்.டி.எஃப். பலகை சிங்க்குக்கு அடியில் ஒரு சின்னக் கசிவுக்கே ஊதிவிடும்.

1996-ல் கட்டிய வீடு என்றால் மேடைக்கு அடியில் கடப்பா கல் தட்டுகள் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் அவற்றை உடைக்கவே விடாதீர்கள். தண்ணீரில் ஊறாது, கரையான் தொடாது. கல் அப்படியே இருக்க, முன்னால் கதவு மட்டும் போட்டு, மசாலா டப்பாவுக்கும் கரண்டிக்கும் இரண்டு மூன்று டிராயர் வைத்துக்கொண்டால் உங்கள் அளவுக்கு ஒரு லட்சத்தையொட்டி முடிய வேண்டிய வேலை. இன்டீரியர்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். அவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

தரையும் அதே கதைதான். மொசைக் அசைகிறதா, எங்காவது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாணயத்தால் அங்கங்கே தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கும் இடம் ‘டொக் டொக்’கென்று வேறு சத்தம் கொடுக்கும். பெரிய பழுது இல்லையென்றால் மெஷின் பாலிஷ் போதும். சதுர அடிக்கு 45 ரூபாய் என்று வைத்தாலும் 8,100-தான். சிங்க் முன்னால் மட்டும் கண்ணாடி மாதிரி ஏற்ற வேண்டாம் என்று பாலிஷ்காரரிடம் சொல்லிவிடுங்கள், ஈரக்காலில் வழுக்கும். உடைக்காமல் மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்றும் சொல்வார்கள். ஒட்டலாம்தான். ஆனால் தரை உயரும், கதவின் அடியை அறுக்க வேண்டும், ஹாலுக்குப் போகும் இடத்தில் ஒரு சின்னப் படி வந்துவிடும். வயதான மாமியார் நடமாடும் வீட்டில் அந்த அரை அங்குலம்தான் ஆபத்து. தரை உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் உடைத்துவிட்டு விட்ரிஃபைட் டைல்ஸ் போடுங்கள், மேட் ஃபினிஷில். கடைக்காரர் காட்டும் பளபளப்பு சாம்பார் கொட்டும் இடத்துக்கு ஆகாது.

சிங்க் விஷயத்தில் என் ஓட்டு ஸ்டீலுக்கு. குவார்ட்ஸ் அழகு, சத்தமும் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் போர் தண்ணீர் வரும் வீட்டில் கறுப்பு சிங்க் என்றால் வெள்ளை உப்புப் படிவத்தைத் தினமும் துடைக்க வேண்டும். தோசைக்கல் கை தவறி விழுந்து ஓரம் பெயர்ந்தால் அதைச் சரிசெய்வதும் கஷ்டம். டபுள் சிங்க்கில் இரண்டு தொட்டியும் சின்னதாகிவிடும். இட்லிப் பானையை எதில் படுக்கவைத்துத் தேய்ப்பீர்கள்? 24-க்கு 18 அங்குலம், 9 அங்குல ஆழம், ஒரு மில்லிமீட்டர் தகடு, 304 கிரேடு ஸ்டீல், ஒற்றைத் தொட்டி: உங்களுக்கு இது போதும். குழாயோடு 12,500-க்குள் முடித்துவிடலாம். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று கடையில் காட்டுவார்கள். மலிவான 202 கிரேடிலும் காந்தம் சாதாரணமாக ஒட்டாது. அந்தச் சோதனையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பில்லில் ‘304’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்ற பேச்சு வரும். பில் இல்லாமல் போனால் வாரண்டியும் போச்சு. இன்னொன்று, சிங்க் கையில் வந்த பிறகுதான் கிரானைட்டில் துளை வெட்ட வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் அளவாக இருந்தால் பின்னால் மாற்றும்போது மேடையை உடைக்க வேண்டிவராது.

குறைப்பதே என் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பிளம்பிங், எலெக்ட்ரிக்கலுக்கு இன்டீரியர்காரர் போட்டிருக்கும் 20,000-ஐ நான் 30,000 ஆக்குவேன். 1996-ல் போட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சுவருக்குள் துருப்பிடித்திருக்கும். புது மேடை வந்த பிறகு அது ஒழுகினால் எல்லாவற்றையும் திரும்ப உடைக்க வேண்டும். சுவர் திறந்திருக்கும்போதே சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றிவிடுங்கள். சிங்க் கழிவுக் குழாயையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு: அலமாரி வேலை 1,05,000, தரை 10,000 (கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறேன்), சிங்க் 12,500, பிளம்பிங் 30,000, கிரானைட் 25,000, சிம்னி மட்டும் 15,000 (இருக்கும் அடுப்பே இருக்கட்டும்). மொத்தம் 1,97,500. வேலை ஆரம்பித்தால் எதிர்பாராதது ஏதாவது வரும், அதற்கு 25,000 சேர்த்தால் 2,22,500. பற்றாக்குறை 42,500-தான்.

அதற்குக் கடன் எதற்கு? கட்டத் தயாராக இருந்த அந்த 10,250-ஐ இந்த மாதமே ஆர்.டி.யில் போட ஆரம்பியுங்கள். ஐந்து மாதத்தில் 51,000 சேர்ந்துவிடும். இரண்டாவது மாதமே மூச்சு முட்டினால், மூன்று வருடம் இ.எம்.ஐ. எப்படிக் கட்டியிருப்பீர்கள் என்பதும் தெரிந்துவிடும். அப்படியானால் சிம்னியைத் தள்ளிப்போடுங்கள்.

வேலை தொடங்கும்போது பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பொருளை உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்குங்கள், கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தைக் கையில் வைத்திருந்து, சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, அடியில் காகிதம் விரித்து, ஒரு சொட்டும் விழவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள்.