ஆஸ்திரேலிய ஸ்கில்டு விசா: 65 பாயின்ட் இருந்தால் அழைப்பு வந்துவிடுமா?

கேள்வி: வயது 34, திருமணம் ஆகவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. முடித்து 8 வருடமாக சாஃப்ட்வேர் வேலை. ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கு பிரிவிலும் 7. மாநில நியமனம் தேவைப்படாத நிரந்தர விசாவான 189-க்கு எனக்கு 75 பாயின்ட் வரும் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?

பதில்: 70 தான் வரும். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, துணை இல்லாதவர் என்பதற்கு 10, ஆக 60. இதுவரை பிரச்சினை இல்லை, இடறுவது அனுபவத்தில்தான். 8 வருடத்தை அப்படியே எண்ணினால் 15 பாயின்ட். உங்கள் ஏஜென்ட் அப்படித்தான் எண்ணியிருக்கிறார். ஆனால் ஐ.டி. தொழிலில் இருப்பவர்களின் படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிடும் ஏசிஎஸ் (ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி) அமைப்பு, படிப்பும் வேலையும் ஒரே துறையாக இருந்தாலும், பொதுவாக முதல் 2 வருடத்தைக் கழித்துவிடும். இன்ன மாதத்துக்குப் பிறகு செய்த வேலைதான் கணக்கில் வரும் என்று அவர்கள் தரும் கடிதத்தில் ஒரு வரி இருக்கும். கடிதம் கைக்கு வந்ததும் முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். உங்களுக்கு மிஞ்சுவது 6 வருடம். 5 முதல் 7 வருடம் வரை 10 பாயின்ட்தான்.

5 பாயின்ட்தானே என்று விட்டுவிட முடியாது. ஈஓஐ எனப்படும் விருப்ப மனுவில் 75 என்று போட்டு, விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அரசின் அழைப்பும் வந்துவிட்டால், அழைப்பு வந்த தேதியில் அந்த 75-ம் உங்களிடம் இருந்ததாகக் காகிதத்தில் காட்ட வேண்டும். 70 தான் தேறுகிறது என்றால், குறைந்தபட்சமான 65-ஐத் தாண்டியிருந்தும் விசா நிராகரிக்கப்படும். கட்டிய கட்டணமும் திரும்பாது.

அந்த 65-ம் வரிசையில் நிற்பதற்கான தகுதிதான். கூடுதல் பாயின்ட் உள்ளவர்களுக்கே முதலில் அழைப்பு போகும். உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஆங்கிலம். நான்கிலும் 8 எடுத்தால் 10 என்பது 20 ஆகி, மொத்தம் 80-க்குப் போய்விடும். நான்கிலும் 8 என்பதைக் கவனியுங்கள். மூன்றில் 9 எடுத்து எழுத்துப் பிரிவில் 7.5 வந்தால் அந்தக் கூடுதல் 10 கிடைக்காது. இன்னொரு வழி மாநில நியமனம், அதாவது ஒரு மாநில அரசு உங்களைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைப்பது: 190 விசாவுக்கு 5 பாயின்ட், 491 விசாவுக்கு 15. ஆனால் 491 நிரந்தர விசா அல்ல. 5 வருடத்துக்கான அந்த விசாவில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் நகரங்களுக்கு வெளியே வசிக்க வேண்டும்.

கேள்வி: பழைய கம்பெனியில் ரிலீவிங் லெட்டர் மட்டும்தான் தருகிறார்கள். வேலை விவரம் எழுதித் தர மாட்டார்களாம். என்ன செய்வது?

பதில்: பலரும் முட்டி நிற்கும் இடம் இது. மதிப்பீட்டு அமைப்பு எதிர்பார்க்கும் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நாட்டில் செய்த வேலை, என்னென்ன பணிகள், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும். ஹெச்.ஆர். தர மறுத்தால், உங்களோடு வேலை பார்த்த மேலாளரோ சக ஊழியரோ உறுதிமொழிப் பத்திரம் தரலாம். உங்களைப் பற்றி நீங்களே எழுதிக்கொள்வது செல்லாது. கூடவே சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம் வையுங்கள்.

பணிகளை ஆஸ்திரேலிய அரசின் தொழில் பட்டியலில் இருந்து வரிக்கு வரி நகலெடுக்காதீர்கள். இரண்டு கம்பெனிக் கடிதங்களில் ஒரே வாக்கியங்கள் இருந்தால் மதிப்பிடுபவருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? போலிக் கடிதம் என்று முடிவாகிவிட்டால், அந்த விசா போவதோடு 3 வருடத் தடையும் வரலாம்.

கேள்வி: ஈஓஐ போட்ட பிறகு வேலையை விட்டுவிட்டேன். அதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: உடனே மாற்றுங்கள். தற்போதைய வேலைக்கு முடிவுத் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பீர்கள். காலியாக இருக்கும்வரை நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதாகவே கணினி எடுத்துக்கொண்டு அனுபவத்தைக் கூட்டிக்கொண்டே போகும். 5 வருடம் ஆனதாக அது நினைக்கும் நாளில் 5 பாயின்ட் தானாக ஏறும். அதை வைத்து அழைப்பும் வரும். முதல் பதிலில் சொன்ன சிக்கலில்தான் போய் நிற்பீர்கள். வேலை, கணக்கில் எடுக்காத துறைக்கு மாறியிருந்தாலும் இதே கதைதான். ஈஓஐ 2 வருடம் உயிரோடு இருக்கும் என்பதால் மறந்துபோவது எளிது.

கேள்வி: போலீஸ் சான்றிதழ், மெடிக்கல் எல்லாம் இப்போதே எடுத்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம், காலாவதி ஆகிவிடும். அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாள் இருக்கிறது. இந்த இரண்டையும் விண்ணப்பித்த பிறகுகூடச் சேர்க்கலாம். திறன் மதிப்பீடும் ஆங்கிலத் தேர்வும்தான் அழைப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை. கடந்த 10 வருடத்தில் மொத்தம் 12 மாதம் தங்கிய நாடு ஒவ்வொன்றிலும் போலீஸ் சான்றிதழ் தேவை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அதற்கான நடைமுறையை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

கேள்வி: ஈஓஐ போட அரசுக் கட்டணம் என்று ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஈஓஐ-க்கு அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. அவர் கேட்பது அவருடைய கூலி. அப்படிச் சொல்லிக் கேட்கட்டும். பதிவு பெற்ற முகவர்களுக்கு ஒரு பதிவு எண் உண்டு, அரசின் இணையப் பட்டியலில் அதைச் சரிபார்க்கலாம். ஈஓஐ போடும் இணையக் கணக்கு யார் பெயரில் இருந்தாலும் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கட்டும்.