சிப்பியும் ஆளியும்: வாசகர் கேள்விகள்

சிப்பியை அவித்துத் திறந்தால் சிலவற்றில் சதை செங்கல் நிறமாகவும் சிலவற்றில் வெள்ளையாகவும் இருக்கிறது. வெள்ளை பழசா? சில மாதங்களில் சதை தண்ணியாகப் போவதும் ஏன்?
– வாசகி, குளச்சல்

வெள்ளை பழசு இல்லை. செங்கல் நிறம் பெண் சிப்பி, பால் வெள்ளை ஆண். நிறத்தை விடுங்கள், சதை தோடு (ஓடு) நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். நம் குமரிப் பாறைகளில் கிடைப்பது பழுப்புச் சிப்பி, ஆங்கிலத்தில் மஸ்ஸல் (mussel) என்பார்கள். வர்க்கலையிலிருந்து கன்னியாகுமரி வரையான இந்தக் கரையில்தான் இது அதிகம். வடக்கே போகப்போகப் பச்சைச் சிப்பிதான். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இது முட்டையும் விந்தும் விடும். அதற்கு முன் மாசி, பங்குனி, சித்திரையில் உடம்பில் மாவுச்சத்து சேர்ந்து சதை தடித்து இனிக்கும். விட்டு முடித்ததும் சதை மெலிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மழைக்காலச் சிப்பிக்கு அதே விலை கொடுப்பது நட்டம்.

வாங்கும்போது வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். உயிர் இருந்தால் மூடும், மூடாததை எடுக்க வேண்டாம். வீட்டில் நல்ல தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், செத்துவிடும். ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்தால் போதும். அவித்த பிறகும் வாய் திறக்காதது குப்பைக்கு.

கயிற்றில் சிப்பி வளர்க்க நினைக்கிறோம். குஞ்சு எப்போது எடுக்க வேண்டும், எப்படிக் கட்டுவது? போன தடவை கட்டிய குஞ்சில் பாதி உதிர்ந்துவிட்டது.
– சுய உதவிக் குழுவினர், இனயம்

உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டும் நாளிலேயே இருக்கும். ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரையான குஞ்சே ஏற்றது. கார்த்திகை வாக்கில் பாறையில் அந்த அளவு கிடைக்கும். சுரண்டி எடுத்ததும் கொட்டலசு (பாறையில் ஒட்டும் கூரான சிறு ஓட்டுயிர்), நண்டு, பாசியை நீக்கிக் கடல் தண்ணீரில் அலசி, அன்றைக்கே கட்டிவிட வேண்டும். ஒரு ராத்திரி வைத்திருந்து கட்டிய குஞ்சு சோர்ந்துபோய்க் கயிற்றைப் பற்றாது.

12 முதல் 14 மில்லிமீட்டர் நைலான் கயிறு எடுத்து, 25 சென்டிமீட்டருக்கு ஒரு மூங்கில் குச்சியைப் புரிக்குள் குறுக்கே செருகுங்கள். சிப்பி கனத்ததும் குலையோடு வழுக்கி இறங்காமல் தாங்குவது அந்தக் குச்சிதான். பலகையில் கொசுவலைத் துணியை விரித்து, மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ குஞ்சைச் சமமாகப் பரப்பி, நடுவில் கயிற்றை வைத்து, சுற்றித் தைத்துவிடுங்கள். துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு நார் விட்டுக் கயிற்றைப் பிடிக்கும், பிறகு துணி தானாக மட்கும். நைலான் கலந்த துணி மட்காது. குஞ்சு உள்ளேயே நெருங்கிச் சாகும், பிழைத்தது துணியைப் பற்றிக்கொண்டு, துணியோடு சேர்ந்து உதிரும். அதிகம் கட்டினால் அதிகம் கிடைக்கும் என்று மீட்டருக்கு மூன்று கிலோ வைப்பவர்களும் உண்டு. உள்ளே இருப்பது தீனி கிடைக்காமல் சாக, அதைப் பிடித்திருந்த வெளிச் சிப்பியும் மொத்தமாகக் கழன்று விழும். இரண்டாம் மாதம் கயிற்றைத் தூக்கிப் பார்த்து, மிகத் தடித்த இடத்தில் கொஞ்சம் பிரித்துப் புதுக் கயிற்றில் கட்டுங்கள்.

கயிற்றின் அடி, நீர் வற்றும் நேரத்திலும் தரையில் படக் கூடாது. பட்டால் நண்டு ஏறும், மணல் மூடும்.

இனயம் மாதிரித் திறந்த கரையில் கழி நட்ட பரண் நிற்காது. கான்கிரீட் கட்டை நங்கூரம், மிதவைப் பீப்பாய், அவற்றுக்கு இடையே தடித்த தாய்க்கயிறு என்று நீளவாக்கில் கட்டி, அதிலிருந்து சிப்பிக் கயிறுகளை முக்கால் மீட்டர் இடைவெளியில் தொங்கவிட வேண்டும். அப்படியும் சித்திரையில் கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரென எழும் பேரலை) ஏறினால் கயிறு அறும். மே முதல் வாரத்துக்குள் அறுவடையை முடியுங்கள். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று ஜூன் வரை விட்டால் கடல் எடுத்துக்கொள்ளும். நன்றாக வந்தால் மீட்டருக்குத் தோட்டோடு 10 கிலோ அளவில் கிடைக்கும். வேலை தொடங்கும் முன்பே மீன்வளத் துறையிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

ஆற்று முகத்தில் இதே சிப்பியை வளர்க்கலாமா?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

வேண்டாம். பழுப்புச் சிப்பிக்கு முழுக் கடல் உப்பு வேண்டும். குழித்துறை ஆறு பெருகி வந்தால் இரண்டு நாளில் செத்து நாறும். நம் குமரி மாவட்டத்துக்கு ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டு தடவை உப்பு இறங்கும்.

அங்கே ஏற்றது ஆளி, அதாவது ஆங்கிலத்தில் ஆய்ஸ்டர் (oyster). கடல் உப்பில் பாதியாக இறங்கினாலும் தோட்டை இறுக மூடித் தாங்கும். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களிலேயே வளர்த்துக் காட்டியது, அஷ்டமுடிக் காயலில் இன்று பெண்கள் குழுக்களாகச் செய்வது எல்லாம் இந்த வகைதான். பழைய ஆளித் தோட்டில் துளையிட்டு, 3 மில்லிமீட்டர் நைலானில் மீட்டருக்கு ஐந்தாறு தோடாகக் கோத்த சரத்தை, மூங்கிலோ காற்றாடிக் (சவுக்கு) கழியோ நட்ட பரணில் தொங்கவிட்டால் குஞ்சு வந்து ஒட்டும். குஞ்சு மிதக்கும் சமயத்தில்தான் சரத்தை இறக்க வேண்டும். முன்கூட்டியே இறக்கினால் தோட்டில் வழுக்கலும் கொட்டலசும் ஏறி, ஆளிக்கு இடம் இருக்காது. எட்டு மாதத்தில் எட்டு சென்டிமீட்டர் அளவு வரும்.

இடம் பார்க்கும்போது கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊறவைத்து அழுக்கும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கறுத்த தண்ணீரில் உயிர்வளி இராது. பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) மணலால் மூடி மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கும் இடமும் ஆகாது.

வருமானத்தைக் கணக்கிடும்போது ஒன்றை மறக்காதீர்கள். சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு சதை தேறும். ஆளியில் பத்து கிலோவுக்கு ஒரு கிலோ தேறினாலே நல்லது. ருசி மட்டும் தனி: வெண்ணெய் போல மென்மை, முதலில் உப்பு, பின்னால் இனிப்பு. கோடையில் உப்பு ஏறிய தண்ணீரில் எடுத்தால் அந்த ருசி கூடும். உப்பை ஈடுகட்ட ஆளி தன் சதையில் சேர்க்கும் அமினோ அமிலங்களே இனிப்பவைதான்.

மணக்குடிக் காயல் ஆளியைச் சாப்பிடலாமா? வெளிநாட்டில் பச்சையாகத் தின்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பச்சையாக வேண்டவே வேண்டாம். உங்கள் ஊர்ச் சாக்கடை பழையாற்றில் கலந்து மணக்குடிக்குத்தான் போகிறது. ஆளி தண்ணீரை மணிக்கு லிட்டர் கணக்கில் வடிகட்டித் தின்னும், அதிலுள்ள கிருமி உடம்பில் தங்கும். வளர்ப்பவர்கள் அறுவடைக்குப் பிறகு 24 மணி நேரம் சுத்தமான, ஓடும் கடல் தண்ணீரில் துளைத்தட்டில் வைத்துக் கழியவிட வேண்டும். கழிவு அடியில் படியும், அதைக் கலக்காமல் வடிக்க வேண்டும். கலக்கினால் அதையே திரும்பத் தின்னும். இப்படிக் கழித்த ஆளியையும் வாய் திறந்த பிறகு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டே சாப்பிடுங்கள்.

கடல் நிறம் மாறிக் கிடக்கும்போது எடுத்த சிப்பியை நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடாதா?
– வாசகி, முட்டம்

போகாது. கடல் நிறத்தை மாற்றும் நுண்பாசிகளில் சிலவற்றின் விஷம் கொதியில் அழியாது, ஒரு நாள் கழியவிட்டாலும் நீங்காது. 1997 செப்டம்பரில் விழிஞ்சத்தில் சிப்பி சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கடல் சிவந்தோ பச்சைக் குழம்பாகவோ தெரிந்தால், தெளிந்து சில வாரம் போகும் வரை முங்கி எடுப்பதை நிறுத்துங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்து, விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். அடுத்தது மூச்சுத் திணறல்தான். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சிப்பி சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.