வாசகர் கேள்வி – பதில்: தமிழ் பேசும் தொண்டூழியர் எங்கே தேவைப்படுகிறார்?

கல்லூரி மாணவர்களின் தொண்டூழியம் குறித்து அண்மையில் வந்த கேள்விகளில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனிக்கிழமைகளில்தான் நேரம் கிடைக்கிறது. தோழிகளுடன் கொடி நாளுக்கு உண்டியல் ஏந்தி நின்றிருக்கிறேன். அதைத் தாண்டி எதையாவது தொடர்ந்து செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
– மாணவி, உட்லண்ட்ஸ்

பதில்: எம்ஆர்டி நிலைய வாசலில் உண்டியலோடு நிற்பதும் நல்ல காரியமே. ஆனால் அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். உங்களிடம் இருப்பது, ஆனால் மற்றவர்களிடம் அரிதாக இருப்பது எது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன். உங்கள் கடிதம் தெளிவான தமிழில் வந்திருக்கிறது. ஒரு மூதாட்டியின் பக்கத்தில் அமர்ந்து அரை மணி நேரம் தமிழில் தடங்கலின்றிப் பேசக்கூடிய இளையர் சிங்கப்பூரில் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய ஈசூனில், 1948இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ நாராயண மிஷன் தாதிமை இல்லம் ஒன்றை நடத்துகிறது. எல்லா இனத்தவரும் அங்கே பராமரிக்கப்படுகிறார்கள். பொதுவாகத் தாதிமை இல்லங்களில் பணிபுரிவோரில் பலர் பிலிப்பீன்ஸ், மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அன்போடு பார்த்துக்கொள்வார்கள் என்றாலும், “முதுகுக்குள்ள குடையுது” என்று ஒரு பாட்டி சொன்னால் அது அவர்களுக்கு உடனே புரிந்துவிடாது. பாசார் மலாய் என்ற எளிய பேச்சு மலாயில் அக்கம்பக்கத்தாரோடு காலம் தள்ளிய தலைமுறை அது. மறதி நோய் முற்றும்போது பின்னாளில் பழகிய மொழிகள் முதலில் நழுவிப்போய், சிறு வயதில் பேசிய மொழியே எஞ்சி நிற்பது பலருக்கு நேர்கிறது. அந்த நிலையில் இருப்பவருக்குத் தமிழில் பேச வரும் ஒருவர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த குடும்பமா, எந்தக் கம்பத்தில் (கிராமத்தில்) இருந்தார்கள், தீபாவளிக்குத் துணி எங்கே எடுத்தார்கள் என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்: வீட்டிலிருந்து முறுக்கோ லட்டோ கொண்டுபோய், தாதியரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். விழுங்கச் சிரமப்படுவோருக்குத் தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் புகட்டுகிறார்கள். பிரியத்தோடு கொடுத்த ஒரு வாய் பலகாரம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும்.

வேறு வாய்ப்புகளையும் பார்க்க விரும்பினால், தேசியத் தொண்டூழியர், கொடையாளர் நிலையம் நடத்தும் ‘கிவிங் டாட் எஸ்ஜி’ இணையவாசலில் உங்கள் வட்டாரத்தையும் விருப்பத்தையும் குறிப்பிட்டுத் தேடலாம். 1991இல் அமைக்கப்பட்ட சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதிலிருந்து, வீடு வீடாகச் சென்று அதன் உதவித் திட்டங்களை இந்தியக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதுவரை இளையருக்குப் பணிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாதம் இரண்டு சனிக்கிழமை, குறைந்தது ஆறு மாதம் என்று உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு போங்கள். முகம் பழகிய பிறகுதான் முதியவர்களும் சரி, பிள்ளைகளும் சரி, மனம் திறந்து பேசுவார்கள்.

கேள்வி: என் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற 80 மணி நேரச் சமூக சேவை கட்டாயம். கட்டாயத்துக்குச் செய்வதைத் தொண்டு என்று சொல்லலாமா? எனக்கே கூச்சமாக இருக்கிறது.
– மாணவர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் அந்த விதி உண்டு. பள்ளிகளிலும் முன்பு ‘சிஐபி’ என்ற சமூக ஈடுபாட்டுத் திட்டத்தில் மணிக்கணக்கு இருந்தது. 2012இல் அது ‘வயா’ (வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்) என்ற திட்டமாக மாறியபோது மணிக்கணக்கைவிட மாணவர் கற்றுக்கொள்வதற்கு முக்கியத்துவம் தரப்பட்டது. நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்று பயன்பெறுபவர் கேட்கப்போவதில்லை, ஆகவே கூச்சப்பட எதுவும் இல்லை. மணிக்கணக்கில் எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. டிசம்பர் விடுமுறையில் மாணவர் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு வந்தவுடன் ஒருவரையும் காணோம். சொல்லாமல் நின்றுவிட்ட அக்காவையோ அண்ணனையோ எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நம் தேர்வு அட்டவணை தெரியாது. எந்தெந்த வாரங்களில் வர இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே அமைப்பிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 80 மணி நேரத்தையும் ஒரே இடத்தில் செலவிட முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: என் மகள் வாரம் ஒரு மாலை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போய் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவ வேண்டும் என்கிறாள். “பெண் பிள்ளையை அங்கே ஏன் அனுப்புகிறீர்கள்?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். படிப்பு கெட்டுவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.
– ஒரு தாய், செங்காங்

பதில்: அம்மா, உங்கள் இரண்டாவது கவலை நியாயமானது. முதலாவதை உறவினர்களிடமே விட்டுவிடலாம். பொருள் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் நாம் எல்லோரும் புழங்கும் தேக்காதான் அது.

டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில், கஃப் ரோட்டின் பெயரால் அழைக்கப்படும் ஓர் இலவச உணவுத் திட்டத்தை நடத்திவருகிறது. வேலையிடத்தில் காயம் பட்டோ சம்பளம் கிடைக்காமலோ புகார் கொடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்கும் ஊழியர்கள் அங்கே வருகிறார்கள். காத்திருக்கும் காலத்தில் அவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வேலை பார்க்க அனுமதி இருப்பதில்லை. ஆகவே அந்த ஒரு வேளைச் சாப்பாடு அவர்களுக்குச் சிறிய விஷயமன்று. 2006இல் தொடங்கப்பட்ட ஹெல்த்சர்வ், வெளிநாட்டு ஊழியர்களுக்கான மருத்துவச் சேவையில் ஈடுபட்டிருக்கிறது.

இத்தகைய இடங்களில் உங்கள் மகளின் தமிழ் உடனடியாகப் பயன்படும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல், அடிப்படைச் சம்பளம், கூடுதல் நேர வேலை, பிடித்தம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் சம்பளச் சீட்டை முதலாளிகள் கொடுத்தாக வேண்டும். ஊழியரின் கையில் ‘ஐபிஏ’ என்று அவர்கள் சொல்லும், வேலைக்கான முன் அனுமதிக் கடிதமும் இருக்கும். அதில் எழுதியிருக்கும் சம்பளமும் சீட்டில் வந்திருக்கும் சம்பளமும் ஒன்றாக இருக்கின்றனவா, “ஓட்டி காசு வரல” (கூடுதல் நேர வேலைக்கான பணம் வரவில்லை) என்று அவர் சொல்வது எந்த மாதத்துக்குரியது, பிடித்தம் எதற்காக என்பதைத் தமிழில் பொறுமையாகக் கேட்டு, தேதி வாரியாக ஆங்கிலத்தில் குறித்துக் கொடுத்தால், வழக்கைக் கவனிக்கும் அனுபவசாலிக்கு வேலை பெருமளவு குறையும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும், நம் ஊகத்தைச் சேர்க்கக் கூடாது. “கட்டாயம் பணம் கிடைக்கும்” என்று வாக்குக் கொடுப்பதும், கைக்காசைக் கடனாகக் கொடுப்பதும், சொந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதும் வேண்டாம். நல்ல அமைப்பு எதுவானாலும் இவற்றை முதலிலேயே சொல்லிக்கொடுக்கும். சொல்லிக்கொடுக்காத இடத்துக்கு நானும் என் பிள்ளையை அனுப்பமாட்டேன்.

படிப்பைப் பொறுத்தவரை, வாரம் ஒரு மாலையில் தொடங்கி, தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள் விடுப்பு என்று மகளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு அனுமதித்தால் முதல் நாள் நீங்களும் உடன் போய்ப் பாருங்கள். தமிழ் பேசத் தெரிந்த இன்னொருவர் வந்தால் அவர்களுக்கும் லாபம்தான்.

கேள்வி: பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தேசிய சேவைக்குக் காத்திருக்கிறேன். நண்பர்கள் கம்போடியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சாயம் அடிக்கப் போகிறார்கள். நானும் சேரலாமா?
– இளையர், தெம்பனிஸ்

பதில்: ஊர் பார்க்க ஆசை என்றால் தாராளமாகப் போய் வாருங்கள், தம்பி. ஆனால் அந்த ஊரிலும் சாயம் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், விமானச் சீட்டுக்குச் செலவாகும் பணத்தில் அவர்களில் சிலருக்குச் சில நாள் கூலி கொடுத்துவிடலாம். அங்குள்ள பங்காளி அமைப்பு கேட்ட வேலையா, நாமே கண்டுபிடித்துக்கொண்ட வேலையா, நீங்கள் திரும்பிய பிறகு அதை யார் தொடர்வார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் சேரலாம்.

காத்திருக்கும் மாதங்களில் இங்கேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இதய இயக்க மீட்பு முதலுதவியையும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ‘ஏஇடி’ கருவியைப் பயன்படுத்துவதையும் கற்றுக்கொண்டு, குடிமைத் தற்காப்புப் படை 2015இல் அறிமுகப்படுத்திய ‘மைரெஸ்பாண்டர்’ செயலியில் பதிந்துகொள்ளுங்கள். உங்களிடமிருந்து 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றுபோனால் கைப்பேசிக்குத் தகவல் வரும். அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் தெம்பனிஸில், ஆம்புலன்ஸ் வந்து மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த புளோக்கில் இருக்கும் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கேள்வி: எனக்கு 17 வயது. தொடக்கக் கல்லூரியில் ரத்த தான முகாம் நடக்கிறது. கொடுக்கலாமா?
– மாணவி, செராங்கூன்

பதில்: 16 வயது நிறைந்தவர் கொடுக்கலாம். 18 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பார்கள். பெண்களுக்கு அது டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அன்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறைக்கு 12 வாரம் இடைவெளி விட வேண்டும். முகாம் நாளன்று பட்டினியாகப் போகாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, அடையாள அட்டையையும் ஒப்புதல் படிவத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.