திரும்பத் திரும்ப வரும் அப்பெண்டிக்ஸ் வலியை ஒபரேசன் இல்லாமல் சமாளிக்கலாமா?

வலது அடிவயிற்றில் வலி மூன்று தடவை வந்து போய்விட்டது, அப்பெண்டிக்ஸ் என்கிறார்கள், மருந்திலேயே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கத்திக்குப் பயந்துதான் கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். முதல் தடவை தொப்புளைச் சுற்றி வலித்து, பிறகு வலது பக்கம் இறங்கியது. வாய்வு என்று அம்மாயி பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் விட்டது, அம்மாயிக்கு ஒரே பெருமை. இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் வைத்து அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். மூன்றாவது, மழையில் கொழுந்து நிறுக்கப் போகும்போது கூடையோடு மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

அன்று 11 கிலோதான் எடுத்திருந்தேன். முழுநாள் சம்பளத்துக்கான 18 வரவில்லை என்று, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் போட்டார். என்னை லொறியில் ஏற்றி அனுப்பியவரும் அவர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வலியில் விழுந்தவளுக்கு அரைப் பேரா? இன்னும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்தில் குணமானவர்கள் இல்லையா என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். இருக்கிறார்கள். பின்லாந்தில், சிக்கலில்லாமல் வந்தவர்களுக்கு அன்டிபயோட்டிக் மட்டும் கொடுத்துப் பார்த்ததில் 5 வருடத்துக்குள் 100க்கு 39 பேருக்குத் திரும்ப வந்தது. மற்றவர்கள் தப்பினார்கள். ஆனால் அது ஒரு தடவை வந்தவர்களின் கணக்கு, மூன்று தடவை பட்ட உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? உள்ளே மலம் கல்லாக இறுகி அடைத்திருந்தால் மருந்து தோற்பது அதிகம். சீழ்க்கட்டியாகிவிட்டால் மட்டும் முதலில் மருந்து கொடுத்து, சில கிழமை கழித்து எடுப்பதுண்டு.

எனக்கு வலி அடங்கிய பிறகு தேதி கொடுத்து கண்டியில் எடுத்தார்கள். மூன்று சிறு துளைதான், மறுநாள் நடந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பஸ் காசோடு முடிந்தது. நீங்கள் பெண் என்றால் முதலில் சூலகத்தையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள், வலது பக்கம் வலிப்பதெல்லாம் அப்பெண்டிக்ஸ் ஆகாது. வலி திரும்ப வந்தாலோ, காய்ச்சலடித்தாலோ, வயிறு பலகையாக இறுகினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஓடுங்கள்.

அப்புறம், பாரம் தூக்காதே என்று ஒரு மாதம் சொல்லி அனுப்பினார்கள். தண்ணீர்க் குடம் பாரமில்லை என்பது என் மாமியாரின் கட்சி.