டி4 ஆட்டம் மந்தமானதா? நான் ஆடிய ஒரு கடைசிச் சுற்று

சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, அதாவது டி4 கட்டத்தில் வைத்துத் தொடங்கினால் ஆட்டம் மந்தமாகிவிடுமா, போட்டியில் அதை நம்பி ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆடலாம். நெஞ்சு படபடக்க நான் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவை டி4இல் தொடங்கியவைதான்.

அது ஒரு போட்டியின் கடைசிச் சுற்று. ஆளுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். எனக்கு வெள்ளை. டி4 டி5, சி4 ஈ6 என்று ஆட்டம் போனது (எழுத்து நெடுவரிசையை, எண் குறுக்குவரிசையைக் குறிக்கும்). சி4இல் ஒரு சிப்பாயை இரையாக நீட்டும் இந்தத் தொடக்கத்துக்கு குயின்ஸ் கேம்பிட் என்று பெயர்; எதிராளி அதை வெட்டாமல் மறுத்தார். குதிரைகள் வெளியே வந்ததும் நான்காவது நகர்வில் டி5 சிப்பாயை வெட்டினேன். அவர் ஈ சிப்பாயால் திருப்பி வெட்டினார். இப்போது ராணிப் பக்கத்தில் (ஏ, பி, சி வரிசைகளில்) எனக்கு இரண்டு சிப்பாய்கள், அவருக்கு மூன்று. அந்த இரண்டை வைத்து மூன்றைத் தாக்குவதுதான் திட்டம். பி சிப்பாயை பி5 வரை கொண்டுபோய் சி6இல் நிற்கும் அவர் சிப்பாயோடு மாற்றிக்கொண்டால், திருப்பி வெட்டி அங்கே வரும் சிப்பாயைக் காக்க வேறு சிப்பாய் இருக்காது. அவரே பி5இல் வெட்டினால் டி5 தனித்து நிற்கும்.

அவர் சும்மா இருக்கவில்லை. நான் பி5க்குப் போவதற்குள் ஒரு குதிரை ஜி6க்கு வந்தது, ராணி எச்4க்கு வந்தது, மந்திரி டி6இலிருந்து எச்2வைக் குறிவைத்தது. ஒரே நகர்வுக்கு இருபது நிமிடம் யோசித்தேன். கடைசியில் குதிரையை எஃப்1க்கு இழுத்தேன். பார்க்கப் பின்வாங்கல்தான், ஆனால் அங்கிருந்து அது எச்2, ஜி3 இரண்டையும் காத்தது. அந்தத் தாக்குதல் அதோடு நின்றது. சி6 விழுந்தது இறுதியாட்டத்தில், 41ஆவது நகர்வில். பிறகு யானையை வைத்து மெல்ல மெல்ல வென்றேன்.

மந்தம் என்பவர்கள் 1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தை ஒருமுறை பலகையில் ஆடிப் பார்க்கட்டும். பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்தி ஈ4 ஆடும் அமெரிக்க வீரர் ஃபிஷர், அன்று சி4இல் தொடங்கிக் குயின்ஸ் கேம்பிட்டுக்குள் வந்து வென்றார். தோற்ற சோவியத் வீரர் ஸ்பாஸ்கியே பார்வையாளர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

தொடங்குமுன் ஒரு பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மந்திரி ஜி5இல் இருக்க, கறுப்பு தன் ராணிப் பக்கக் குதிரையை டி7இல் வைத்திருந்தால், டி5 சிப்பாயை உங்கள் குதிரையால் வெட்டாதீர்கள். எஃப்6 குதிரை நகர்ந்தால் பின்னால் உள்ள ராணி போய்விடும் என்பதால், அது கட்டுண்டதாகத் தோன்றும். ஆனால் அது துணிந்து உங்கள் குதிரையை வெட்டும். நீங்கள் ராணியை எடுத்ததும் கறுப்பு மந்திரி பி4இலிருந்து செக் வைக்கும். உங்கள் ராணியை டி2இல் குறுக்கே வைப்பதைத் தவிர வழியில்லை. அதுவும் வெட்டுப்படும்; கணக்குப் பார்த்தால் ஒரு காய் போயிருக்கும்.