கடல் நீரோட்டம் மாறினால் மீன்வளம் ஏன் குறைகிறது?

நீரோட்டம் என்பது கடலுக்குள் ஒரு திசையில் தொடர்ந்து ஓடும் நீர். பெரு நாட்டுக் கரையோரத்தில் காற்று மேல்நீரை வெளியே தள்ள, ஆழத்திலிருந்து சத்துள்ள குளிர்நீர் மேலேறும். சாம்பாரின் அடியில் தங்கிய பருப்பைக் கரண்டி கிளறிவிடுவதுபோல. அந்தச் சத்தில் நுண்பாசி செழிக்கும், அதை நம்பி மிதவை உயிரிகளும் நெத்திலியும் பெருகும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வான எல் நினோ வந்தால், வெப்பநீர் அடுக்கு கரைப்பக்கம் திரண்டு தடித்துவிடும். கரைக்காற்று அடித்தாலும் மேலேறுவது சத்தற்ற வெப்பநீர்தான். இதுதான் முக்கியம். இரை குறையும், குஞ்சுகள் தேறாது.

1970-இல் 1.2 கோடி டன்னைத் தாண்டிய பெருவின் நெத்திலிப் பிடிப்பு, எல் நினோ வந்தபின் 1973-இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது.

வெப்பம்தான் மீனைக் கொன்றது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் மிச்சமிருந்த குளிர்நீரில் நெருக்கமாகக் கூடிய மீனை வலைகள் அளவின்றி அள்ளியதும் அந்தச் சரிவுக்குப் பெரிய காரணம்.